கண்ணாடியிலிருந்து உரித்துவிடாதீர்கள், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று ராத்திரி வைபரில் நீங்கள் அனுப்பியதைப் பார்த்தேன். தாத்தாவும் ஆயாவும் ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்ட படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டதாம், மெதுவாக உரித்துக் கடையில் கொடுத்துப் புதுசாக்கப் போகிறீர்களாம். வேண்டாம் அத்தை. ரங்கூனில் நான் அதைச் செய்து பார்த்துவிட்டேன். அப்பாவின் கல்யாணப் படத்தில், மாலைக்குச் சற்று மேலே, இடது கன்னம் விரல்நகம் அளவுக்குக் கண்ணாடியிலேயே நின்றுவிட்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அந்தக் காலத்துப் படத்தாளின் மேல் பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் இளகிப் பசையாகும், காய்ந்தால் கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும். நீங்கள் இருக்கும் மோல்மீனில் வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நீங்கள் மாட்டியிருப்பதோ வெளிச்சுவரில். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிடலாம், 600 டிபிஐ வைத்தால் போதும். வைபரில் வருவது சுருங்கி வருகிறது, அதை நம்பிப் பயனில்லை.

நம் வீட்டில் ஒரு வேடிக்கை கவனித்தீர்களா? தாத்தாவின் அடையாள அட்டையும் வீட்டுப் பட்டியலும் பிளாஸ்டிக் உறைக்குள், பீரோவில், பூட்டுக்குப் பின்னால். 1982 குடியுரிமைச் சட்டம் வந்த பிறகு, 1948 ஜனவரி 4க்கு முன்பே இங்கே இருந்தோம் என்று காட்ட வேண்டியிருந்தவர்கள் காகிதத்தைத் தொலைப்பார்களா? படத்தைக் காட்டச் சொல்லி எந்த ஆபீஸும் கேட்கவில்லை. அதனால் அது சாரலில் தொங்கியது.

அந்தக் காகிதத்திலும் பாதிக் கதைதான். அட்டையில் தாத்தா, முன்னால் 'உ' என்ற மரியாதைச் சொல் போட்ட பர்மியப் பெயரில் இருக்கிறார், கோயில் நன்கொடை ரசீதில் தமிழ்ப் பெயரில். இரண்டும் ஒரே ஆள் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். என் மகளுக்கு எப்படித் தெரியும்? பர்மியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, நமக்கு இருப்பதும் வெறும் இனிஷியல். அதனால் ஒவ்வொரு ஆளுக்கும் இரண்டு பெயரையும் எழுதியாக வேண்டும். படத்தின் முதுகில் பால்பாயிண்ட் பேனா வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். மெத்தென்ற பென்சில் போதும். இந்தப் படத்துக்குத் தனித்தாளில் எழுதி, சட்டத்தின் பின்னால் செருகிவிடலாம்.

இன்னொரு விஷயம். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, மே மாதம் 50, 100 சாட் நோட்டுகளும் செல்லாமல் போய், பெரியப்பா மறு வருஷம் கப்பல் ஏறினாரே, அப்போது இதே படத்தின் இன்னொரு பிரதியைக் கொண்டுபோயிருக்கிறார். சென்னை வியாசர்பாடியில் இருக்கும் அண்ணன் போனில் காட்டினார். சின்னச் சட்டத்துக்குள் அடக்குவதற்காக இடது ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள். உங்கள் படத்தில் அந்த ஓரத்தில், மடக்கிய குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிறான். வியாசர்பாடியில் அவன் இல்லை.

அண்ணனுக்கு அவன் யாரென்று தெரியவில்லை, அப்பாவும் சொன்னதில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை ஸ்கேனரோடு பஸ் ஏறுகிறேன். அதுவரை சட்டத்தை இறக்கி பீரோ மேல் படுக்க வையுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள். பையனின் பெயரைப் போனில் சொல்லிவிட வேண்டாம் அத்தை. நேரில் சொல்லுங்கள், உங்கள் குரலிலேயே ரெக்கார்ட் செய்துகொள்கிறேன்.