நந்தவன மண் சீரமைப்புத் திருப்பணி நிறைவு அறிக்கை

பேரன்புடைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கிழக்கு தில்லியில் உள்ள நம் கோயிலின் நந்தவனத்தில் சென்ற ஆண்டு ஆனி மாதம் தொடங்கிய மண் சீரமைப்புப் பணி, இரண்டு மழைக்காலங்களைக் கடந்து இந்தக் கார்த்திகையில் நிறைவெய்தியது. வரவு செலவுக் கணக்கு தணிக்கை செய்யப்பட்டு அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. செய்த வேலையை மட்டும் இங்கே விளக்குகிறோம்.

வடகிழக்கு மூலையில் முன்பு ஜெனரேட்டர் இருந்ததை மூத்த உறுப்பினர்கள் அறிவார்கள். துருவேறிய தொட்டியிலிருந்து கசிந்த டீசலும், ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் சுவரோரம் ஊற்றப்பட்ட பழைய என்ஜின் ஆயிலும் அந்த மண்ணில் பல ஆண்டுகளாக இறங்கியிருந்தன. பிழை நம்முடையதே. அங்கு நட்ட நந்தியாவட்டையும் அரளியும் பட்டுப்போயின. எண்ணெய் போர்த்திய மண் நீரை ஏற்காததால், ஊற்றிய தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடியது.

மண்ணை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிடலாம் என்ற யோசனையைக் குழு ஏற்கவில்லை, ஏனெனில் நம் அழுக்கை இன்னொருவர் நிலத்தில் கொட்டிவிட்டு அதைத் திருப்பணி என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. தில்லியிலேயே உள்ள டெரி (எரிசக்தி, வளங்கள் ஆய்வு) நிறுவனம் உருவாக்கிய ‘ஆயில்சாப்பர்’ என்ற பாக்டீரியாக் கலவை எண்ணெய் படிந்த நிலங்களைச் சீராக்கப் பயன்பட்டுவருவது எங்களுக்கு நம்பிக்கை தந்தது. நம்முடையது சிறிய இடம் என்பதால், செடியையும் வேர்ப்பூஞ்சையையும் கொண்டே முயல முடிவு செய்தோம்.

பூ எங்கே, புல்லை ஏன் வளர்க்கிறீர்கள் என்று பலர் கேட்டீர்கள். அந்தப் புல் வெட்டிவேர். நல்ல மண்ணில் அதன் வேர் பத்தடிக்கும் கீழே இறங்கும். வேர் கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் உண்டு பெருகும் பாக்டீரியாக்களே எண்ணெயைச் சிதைக்கின்றன. நாங்கள் இட்ட வேர்ப்பூஞ்சை எண்ணெயைத் தின்கிறது என்று சிலர் சொல்லிக்கொள்வது சரியன்று. தமிழ்நாட்டு விவசாயிகள் ‘வேம்’ என்று கேட்டு வாங்கும் அந்த வேர்ப்பூஞ்சை, வேருக்குள் புகுந்து, வேர் எட்டாத இடத்துக்கும் தன் இழைகளை நீட்டி, மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) நீரையும் கொண்டுவந்து, நச்சு மண்ணிலும் செடியை உயிரோடு வைத்திருக்கிறது. செடி தன் மாவுப்பொருளில் ஒரு பங்கை அதற்குக் கூலியாகத் தருகிறது. 1885இல் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் இந்த உறவுக்கு ‘மைக்கோரைசா’ என்று பெயரிட்டார். உறவோ நாற்பது கோடி ஆண்டுப் பழமை உடையது.

நடும் குழியின் அடியில், வேர் தொடும்படி பூஞ்சைக் கலவையை இட்டோம். எண்ணெயில் கரிமம் மிகுந்திருப்பதால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை முழுவதும் எடுத்துக்கொண்டு செடியைப் பட்டினி போடும். அதை ஈடுசெய்ய மக்கிய சாணம் சேர்த்தோம். மணிச்சத்து உரமான சூப்பர் பாஸ்பேட்டைத் தவிர்த்தோம். மணிச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி பூஞ்சையை நாடாது. இதையறியாமல் ஒரு பாத்தியில் முதல் மாதமே அந்த உரம் இடப்பட்டுவிட்டது. கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் நம் உறுப்பினர் வேர்களைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, அந்தப் பாத்தியில் மட்டும் பூஞ்சை அரிதாகவே இருந்தது. முதல் குளிர்காலத்தில் புல் கருகி நின்றபோது நாங்களும் கலங்கினோம். பங்குனியில் துளிர்த்தது.

மேல்மண்ணில் எண்ணெயின் அளவு பாதிக்கும் கீழாகக் குறைந்திருப்பதாக இறுதிச் சோதனை காட்டுகிறது. தண்ணீரும் இப்போது மண்ணில் இறங்குகிறது. ஓரடிக்குக் கீழே எண்ணெய் அவ்வளவாகக் குறையவில்லை. டீசலின் இலகுவான பகுதி விரைவில் சிதையும்; கனமான பகுதி நெடுநாள் தங்கும். பழைய என்ஜின் ஆயிலோடு வந்த உலோகங்களை எந்த நுண்ணுயிராலும் சிதைக்க முடியாது. ஆகவே வேலை நிறைவெய்தியது என்று சொல்வது நடவுக்கும் பராமரிப்புக்கும் மட்டுமே பொருந்தும்; வெட்டிவேர் அங்கேயே நிற்கும், ஆண்டுதோறும் மண் சோதிக்கப்படும்.

மண் முழுதும் சீராகும்வரை அந்த மூலையில் துளசியோ வில்வமோ நடப்படாது. பூஜைப் பூக்களில் குறைவதைக் காஜிப்பூர் பூச்சந்தையிலிருந்தே வாங்குவோம். நந்தவனத்தின் அந்த மூலையில் விளைந்த வெட்டிவேரைத் தீர்த்தத்தில் இடக் கேட்ட அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். நம் அழுக்கை உறிஞ்சிய வேரை இறைவன் தீர்த்தத்தில் இடுவதற்கில்லை. வேலிக்குள் இருந்து அதை யாரும் பிடுங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

இவண்,
திருப்பணிக் குழு