கேட் நிலைத்தது: கோடு போட்ட நோட்டுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஊர் ரயில்வே கேட் இருந்த இடத்திலேயே இருக்கப்போகிறது. புதுத் தளமும் போட்டாயிற்று. நேற்று விடியற்காலை முதல் மீன் வண்டிகள் அதன் மேல்தான் போகின்றன. கேட் போய்விடுமோ என்று பயந்ததும் அது தப்பியதும் உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதப்போவதில்லை.

முதல் நன்றி ஓய்வுபெற்ற கேட்கீப்பர் பெரியவருக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். யாரும் கூப்பிடாமல் சைக்கிளில் வந்து அவர் கொடுத்துவிட்டுப் போனது, கேட்டைக் கடக்கும் வண்டிகளை எண்ணி எழுத ஒரு 40 பக்க நோட்டு. ஸ்கேல் வைத்து அவரே கோடு போட்டது. மணிக்கு ஒரு வரி, நாளைக்கு 24 வரி, ஏழு நாளுக்கு. கட்டம் மூன்று: லாரி, வேன், கார், மாட்டுவண்டி ஒன்றில், ஆட்டோ அடுத்ததில், பைக் கடைசியில். ரயில்வே கணக்கில் முதல் வகைக்கு ஒரு யூனிட், ஆட்டோவுக்கு அரை, பைக்குக் கால். ஒரு நாளில் வேனும் லாரியும் 90, ஆட்டோ 60, பைக் 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். 90, 30, 100, ஆக 220. அதை அன்றைக்குக் கடக்கும் ரயில்களால் பெருக்க வேண்டும். 14 ரயில் என்றால் 3,080. இதுதான் டிவியூ (Train Vehicle Unit), ரயிலையும் வண்டியையும் சேர்த்துப் போடும் கணக்கு. மேம்பாலச் செலவை ரயில்வேயும் மாநில அரசும் பாதிக்குப் பாதி ஏற்க இந்த எண் ஒரு லட்சத்தைத் தொட வேண்டும். நம் சாலை அந்தத் திசைக்கே போகாது. ஆனாலும் கேட்டுக்கு என்ன வசதி என்ற பேச்சு இந்த எண்ணிலிருந்துதான் தொடங்கும். (தலையில் கூடையோடு நடந்து கடக்கும் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை. அது தனி வருத்தம்.)

நோட்டின் முதல் பக்கத்தில் பென்சிலில் ஒரே வரி எழுதியிருந்தார்: "தடைக்காலத்துல எண்ண விட்றாதீங்க."

அந்த வரிதான் காப்பாற்றியது. மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஐஸ் வண்டி இல்லை, கருவாட்டு லோடு இல்லை. பழைய வண்டிக் கணக்கு எடுக்கப்பட்டது மே மாதத்தில்! ஊரில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. ஏழு நாளும் விடாமல் எண்ண வேண்டும் என்றதற்கும் காரணம் உண்டு. விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். மற்ற நாள் நாட்டுப்படகு. இடையில் மூன்று நாளை மட்டும் எண்ணினால் பாதி ஊரை விட்டுவிட்டு எண்ணியது போலத்தான்.

தளம், அணுகுசாலைச் செலவைப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்ததும் அவரே. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டால் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 17ஆம் பிரிவைக் காட்டி, கேட்டவரே செலவைக் கட்டட்டும் என்பார்கள். அதனால் ரயில்வே எல்லைக் கல்லுக்கு உள்ளே இருப்பது ஒரு மனு, வெளியே இருப்பது இன்னொன்று. உள்ளே ரயில்வே பார்த்துக்கொண்டது. வெளியே அணுகுசாலையும் வடிகாலும் 'நமக்கு நாமே' திட்டத்தில் நடந்தன. அதில் மக்கள் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் குறையக் கூடாது.

அந்த மூன்றில் ஒன்றைத் தந்த ஐஸ் கம்பெனிக்காரர்கள், கருவாட்டுக் கமிஷன் கடைகள், ஜமாஅத், கோயில் கமிட்டி, மாதா கோயில் பங்கு மக்கள், வளைகுடாவிலிருந்து அனுப்பிய பிள்ளைகள், ராத்திரி ஷிப்டில் உட்கார்ந்து எண்ணிய பையன்கள், அவர்களுக்கு டீ கொடுத்துக் காசு வாங்காத கடைக்காரர், எஸ்டிமேட்டை இரண்டு தடவை திருத்திய பொறியாளர், அத்தனை பேருக்கும் நன்றி.

தார் வேண்டாம், பேவர் பிளாக் போதும் என்றபோது சிலருக்கு மனக்குறை. தாரைப் பிரித்தால் உடைத்துக் கொட்டத்தான் வேண்டும். பிளாக்கை எடுத்து அடுக்கித் திரும்பப் பதிக்கலாம். கேட் தளத்தை ஆண்டுக்கு ஒரு தடவையாவது பிரித்துத்தான் ஆக வேண்டும். தண்டவாளத்துக்கும், அதன் உட்பக்கம் ஒட்டிப் போடும் செக் ரயில் என்ற துணைத் தண்டவாளத்துக்கும் நடுவே சக்கர விளிம்பு ஓட 51 முதல் 57 மி.மீ. இடைவெளியும், குறைந்தது 38 மி.மீ. ஆழமும் வேண்டும். நம் கடற்கரை மணல் அதை அடைத்துக்கொண்டே இருக்கும். அடியில் கிளிப்பும் போல்ட்டும் துருவேறிக் கிடக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தார் பூச வேண்டும். வெளியே அணுகுசாலையிலும் அதே பிளாக்தான், 80 மி.மீ. கனம். 60 மி.மீ. லோடு வண்டிக்குத் தாங்காது.

துருவுக்கு உப்புக்காற்று மட்டும் காரணம் இல்லை. மீன் வண்டியிலிருந்து சொட்டும் ஐஸ் தண்ணீரும்தான். கேட்டைக் கடக்கும்போது அது நேராகச் செக் ரயில் மேல்தான் விழுகிறது. இனி நம் ஊர் வண்டிகள் கேட்டுக்கு முன்னாலேயே வடிகுழாயை அடைத்துவிட்டுத்தான் கடக்கும். வண்டிக்காரர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மணலை நாமே வாரலாமே என்று யாரும் தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். கேட்கீப்பரிடம் சொல்லுங்கள், தண்டவாளம் பராமரிக்கும் கேங் ஆட்கள் வருவார்கள்.

பெரியவரே, நோட்டு பஞ்சாயத்து அலுவலக பீரோவில் இருக்கிறது. இன்னும் பாதிப் பக்கம் காலி. மூன்று வருஷம் கழித்து அடுத்த கணக்கெடுப்பு வரும்போது கோடு போட நீங்களே வர வேண்டும்.

இப்படிக்கு,
ஊர் மக்கள்