நாட்காட்டிக்குள் வந்த மகரந்தம்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நலமறிய ஆவல். காற்றில் பறக்கும் மகரந்தத்தால் வரும் கண் அரிப்பும் அடுக்குத் தும்மலும் இந்தப் பருவத்திலும் உன்னை விடவில்லை என்று எழுதியிருந்தாய். மகரந்த முன்னறிவிப்புச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றியும் அதைத் திறந்து பார்க்க ஒரு நாளும் நினைவு வருவதில்லை என்று நீ அலுத்துக்கொண்டதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு ஆண்டுகளாக என் கதையும் அதுதான். பத்துத் தும்மல் தும்மி முடித்த பிறகுதான் எனக்குச் செயலியின் நினைவே வரும். அதுவும் சாவகாசமாக, 'இன்று அதிகம்' என்று எனக்கே தெரிந்ததைச் சொல்லும்.

இந்த ஆண்டு அந்த முன்னறிவிப்பை என் நாட்காட்டிக்குள்ளேயே வரவழைத்துவிட்டேன். ஒவ்வொரு நாளின் தலைப்பிலும், பிறந்தநாளும் விடுமுறையும் தெரியும் அதே இடத்தில், 'புல்: அதிகம், மரம்: குறைவு' என்று ஒரு வரி இருக்கிறது. பல் மருத்துவருக்கு நேரம் குறிக்கப் போனாலும், யாரையாவது நடைக்கு அழைக்க நினைத்தாலும், அந்த வரி கண்ணில் படாமல் போவதில்லை. தேடிப்போய்ப் பார்க்க வேண்டிய செய்திக்கும், நாம் எப்படியும் பார்க்கும் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் செய்திக்கும் இவ்வளவு வேறுபாடு இருக்கும் என்று நான் எண்ணியதில்லை.

இதற்கு அடிப்படையான ஏற்பாடு புதியதன்று. ஐகேலண்டர் என்னும் பொது வடிவம் 1998ஆம் ஆண்டிலேயே வரையறுக்கப்பட்டது. இன்று நாம் பயன்படுத்தும் நாட்காட்டிகளில் பெரும்பாலானவை அதைப் படிக்கும். ஒருவர் நம் ஊருக்கான முன்னறிவிப்பை அந்த வடிவில் ஓர் இணைய முகவரியில் வைத்துவிட்டால், நம் நாட்காட்டி அவ்வப்போது அங்கே போய்ப் புதியதை எடுத்து வந்துவிடும். என் முகவரி, என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதித் தந்த சிறிய நிரலிலிருந்து வருகிறது.

முதல் வாரம் நான் ஏமாந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நீயும் அதையே செய்வாய் என்பதால். முகவரியை, நாட்காட்டி தானே புதுப்பித்துக்கொள்ளும் சந்தாவாகச் சேர்ப்பதற்குப் பதிலாக, கோப்பைப் பதிவிறக்கி நாட்காட்டியில் இறக்கிவிட்டேன். ஐந்து நாள்களுக்கான முன்னறிவிப்பும் அழகாக வந்து அமர்ந்தது. ஆனால் அது அன்றைய நகல் மட்டுமே. நான்காம் நாள் 'குறைவு' என்று இருந்ததை நம்பி, சன்னல்களை எல்லாம் திறந்து வைத்துப் படுத்தேன். விடியற்காலையில் மூக்கு முழுவதும் அடைத்துக்கொண்டது. முன்னறிவிப்பு இடையில் இரண்டு முறை மாறியிருந்தது. என் நாட்காட்டிக்கு அது தெரிய வழியில்லை. சந்தாவாகச் சேர்த்தாலும், சில நாட்காட்டிகள் புதுப்பிக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. அதனால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் அது கணிக்கப்பட்ட நேரத்தையும் சேர்க்கச் சொன்னேன். அந்த நேரம் நேற்றையதாக இருந்தால் அந்த வரியை நான் நம்புவதில்லை.

இனி, அந்த 'அதிகம்' என்பதைப் பற்றி. மகரந்த எண்ணிக்கையும் மகரந்த முன்னறிவிப்பும் ஒன்று என்றே நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். எண்ணிக்கை என்பது நடந்து முடிந்ததன் கணக்கு. 1952இல் ஹிர்ஸ்ட் என்பவர் வடிவமைத்த, காற்றிலுள்ள துகள்களைப் பிடிக்கும் பொறியின் வழியில் வந்த கருவிகளே பல இடங்களில் இன்றும் கட்டட மாடிகளில் நிற்கின்றன. நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை ஒரு குறுகிய பிளவின் வழியே அவை உறிஞ்சுகின்றன; ஏறத்தாழ ஒரு மனிதர் மூச்சிழுக்கும் அளவுதான். உள்ளே ஒட்டும் பூச்சுள்ள நாடா மணிக்கு 2 மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு நாளுக்குரிய 48 மில்லிமீட்டர் துண்டை வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியின் அடியில் வைத்து ஒருவர் கண்ணால் பார்த்து இது புல், இது பிர்ச் மரம் என்று எண்ணுகிறார். இவ்வளவும் முடிவதற்குள் அந்த நாள் கடந்துவிடுகிறது. வரும் நாள்களுக்கு உரிய முன்னறிவிப்போ, செடிகள் எப்போது பூக்கும், காற்று எந்தப் பக்கம் வீசும், மழை வருமா என்பவற்றை வைத்துக் கணினி போடும் கணக்கு. ஐந்தாம் நாள் கணிப்பை நான் பென்சிலால் எழுதியதாகவே எடுத்துக்கொள்கிறேன்.

மேலும், எல்லா 'அதிக'மும் ஒன்றன்று. பிரிட்டன் வானிலைத் துறையின் அளவீட்டில், ஒரு கன மீட்டர் காற்றில் 50 புல் மகரந்தத் துகள்கள் இருந்தாலே 'அதிகம்'. பிர்ச் மரத்துக்கு அது 80. ஆகவே புல்லையும் மரத்தையும் ஒரே எண்ணாகக் கலந்து தரும் முன்னறிவிப்பை நான் விரும்புவதில்லை. நீ சந்தா சேர்க்கும்போது வகை வகையாகப் பிரித்துத் தருவதையே தேர்ந்தெடு.

இதைவிட எனக்குப் பயன்பட்டது வேறொன்று. அதே நாட்காட்டியில், தும்மல் வந்த நாள்களில் மாலையில் ஒற்றைச் சொல்லாக 'லேசு' அல்லது 'கடுமை' என்று நானே குறித்து வந்தேன். இரண்டு மாதம் கழித்து மேலிருந்து கீழாகப் பார்த்தபோது, மரம் 'மிக அதிகம்' என்றிருந்த வாரங்களில் என் குறிப்பே இல்லை. புல் 'நடுத்தரம்' என்றாலே 'கடுமை' வந்திருந்தது. இத்தனை ஆண்டுகளாக வீட்டு வாசல் மரத்தை நான் திட்டிக்கொண்டிருந்தேன், பாவம்! அந்தப் பக்கத்தை மருத்துவரிடம் காட்டியபோது, புல் பருவம் தொடங்குவதற்கு முன்பே மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தை ஆரம்பித்துவிடச் சொன்னார். அது முழுப் பலன் தரச் சில நாள்களாவது பிடிக்குமாம். தும்மல் வந்த பிறகு தேடினால் தாமதமாகிவிடும். அந்தத் தொடக்க நாளையும் அடுத்த ஆண்டுக்கு இப்போதே குறித்து வைத்துவிட்டேன்.

ஒன்றில் மட்டும் கவனமாக இரு. மழை மகரந்தத்தைக் கழுவிவிடும் என்பது பொதுவாக உண்மை; இடியுடன் கூடிய புயலில் அது தலைகீழாகலாம். ஈரத்தில் துகள்கள் வெடித்து, நுரையீரலின் ஆழம் வரை போகும் அளவுக்கு நுண்ணியதாகிவிடுகின்றன. 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்ன் நகரில் அப்படித்தான் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறலுடன் மருத்துவமனைக்கு ஓடினர். 10 பேர் இறந்தனர். உனக்கு இளமையில் இழுப்பு இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. புல் அதிகமென்று இருக்கும் நாளில் இடிமழையும் வரும் என்றால் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இரு.

நீ இருக்கும் ஊரின் பெயரை எழுதி அனுப்பு; மகளிடம் சொல்லி உனக்கும் ஒரு முகவரி செய்து அனுப்புகிறேன். அதைப் பதிவிறக்கிவிடாதே, சந்தாவாகச் சேர். அதுவரை காத்திருக்காமல், இன்று மாலையிலிருந்தே உன் தும்மலைக் குறிக்கத் தொடங்கு.

என்றும் அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்