எக்ஸ்றேயை இயந்திரம் பார்த்தால் நோயாளிக்குச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு,

மருத்துவத்தில் செயற்கை நுண்ணறிவு வருவதை நான் எதிர்க்கவில்லை. 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களின் நெஞ்சு எக்ஸ்றேயைக் கணினி மென்பொருளால் வாசித்துக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்கலாம் என 2021இல் உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைத்தது. நிபுணர்கள் போதாத வன்னிக்கு அது நல்ல செய்திதான்.

ஆனால் எங்கள் சனத்தின் எக்ஸ்றே வேறு மாதிரி. 2009இல் முள்ளிவாய்க்காலிலிருந்து உயிரோடு வந்தவர்கள் பலரின் நெஞ்சிலும் முதுகிலும் தலையிலும் எறிகணைத் துண்டுகள் இன்னும் இருக்கின்றன. எடுத்தால் ஆபத்து என்று விட்டுவைத்த துண்டுகள். வேறு நாட்டவரின் படங்களில் பழகிய மென்பொருள் இவற்றை என்னவென்று எடுக்கும்? பழைய காயத்தின் தழும்பை நோய் என்று சொல்லுமா? அல்லது துண்டின் நிழலுக்குள் கிடக்கும் உண்மையான நோயைத் தவறவிடுமா? இங்குள்ளவர்களின் படங்களிலேயே சோதித்துப் பார்க்காமல் எவரும் இதற்கு உறுதி தர முடியாது. அனுபவமுள்ள வைத்தியர் என்றால் படத்தைப் பார்த்ததுமே, "எங்க காயப்பட்டனீங்கள் அம்மா?" என்று கேட்பார். பதுங்குகுழிக்குள்ளும் மர நிழலிலும் காயம் கட்டிய வைத்தியர்களையும் தாதியரையும் கண்ட சனம் இது. அவர்கள் நம்புவது அப்படிக் கேட்கும் மனிதரைத்தான்.

இன்னொன்றும் பயமாக இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளில் பயன்பட்ட ஒரு மென்பொருள், சிகிச்சைக்கு ஆன செலவை வைத்தே யாருக்கு நோய் கூட என்று கணித்தது. கறுப்பினத்தவருக்குச் செலவிட்டது குறைவு என்பதால் அவர்களுடைய நோயையும் குறைத்துக் காட்டியது. 2019இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு இது. இங்கே இடப்பெயர்வில் கிளினிக் கொப்பியைத் தொலைத்த குடும்பங்கள் எத்தனை! பதிவில் இல்லாத வருத்தத்தை இயந்திரம் இல்லாத வருத்தமாகவே எடுத்துவிடக்கூடும்.

ஆகவே சுகாதாரத் திணைக்களத்திடம் கேட்பது இதுதான். இயந்திரம் பார்த்தது என்றால் அதை நோயாளிக்குத் தமிழில், முகம் பார்த்துச் சொல்லுங்கள். அதன் முடிவை ஏற்ற வைத்தியரின் பெயரைக் கிளினிக் கொப்பியில் எழுதுங்கள். அந்த முடிவில் சந்தேகம் உள்ளவர் வைத்தியரே திரும்பப் பார்க்கும்படி கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும், தானியங்கி முறையில் மட்டும் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. இயந்திரம் பார்த்ததே தெரியாத ஒருவர் அந்த உரிமையை எப்படிக் கேட்பார்?

வாசகர் ஒருவர்,
முள்ளியவளை.