சுண்டெலியின் கண்ணழுத்தம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் கண் மருத்துவ மேற்படிப்பில் சேர்ந்துவிட்டாள் என்ற செய்தி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி தந்தது. இனி உங்கள் சாப்பாட்டு மேசையிலும், பெரும்பாலும் கண்ணழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கெடும் குளுக்கோமா நோயைப் பற்றிய பேச்சுத்தான் நடக்கும். நாள்தோறும் கோல்ட்மன் கருவியில் நோயாளிகளின் கண்ணழுத்தம் பார்க்கும் உனக்கு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் விட்டமே உள்ள சுண்டெலிக் கண்ணில் நாங்கள் எடுக்கும் அளவை எவ்வளவு நம்பலாம் என்ற ஐயம் எழுந்தது நியாயமே. நம்பலாம், ஆனால் எந்த வேளையில், எந்த மயக்க மருந்தில், எவ்வாறு பிடித்து அளந்தார்கள் என்பது தெரிந்த பிறகுதான்.

எங்களிடம் இருப்பது டோனோலேப் என்னும் கருவி. காந்தமேற்றிய மெல்லிய கம்பி ஒன்று, நுனியில் சிறு பிளாஸ்டிக் குமிழுடன், கம்பிச்சுருளின் உந்துதலால், கண்ணின் முன்புறத் தெளிந்த படலமான கருவிழியைத் தட்டித் திரும்புகிறது. கண்ணுக்குள் அழுத்தம் கூடக்கூட அது விரைவாக வேகமிழந்து திரும்பும். அந்த அசைவு சுருளில் எழுப்பும் மின்னழுத்தத்தைக் கொண்டே கருவி கணக்கிடுகிறது. ஆறு தட்டுகளில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் ஒதுக்கி, மற்றவற்றின் சராசரியைக் காட்டும். மரப்புச் சொட்டுமருந்து தேவையில்லை. கம்பி கிடைமட்டமாகவும் கருவிழியின் நடுவில் செங்குத்தாகவும் படவேண்டும். மீசைமயிர் குறுக்கே வந்தாலே அந்த அளவை விட்டுவிடுவோம். கருவிழிக்குப் பின்னுள்ள முன்கண்ணறைக்குள் கண்ணாடி நுண்ணூசியைச் செலுத்தி நேரடியாக அளக்கும் பழைய முறையே கருவியைச் சரிபார்க்க இன்றும் உரைகல். ஆனால் கண்ணைத் துளைக்கும் அம்முறையை ஒரே விலங்கில் வாரந்தோறும் செய்ய இயலாது.

தொல்லை கருவியில் குறைவு, விலங்கைக் கையாள்வதில்தான் மிகுதி. ஐசோஃப்ளூரேன் என்னும் மயக்க வாயு அழுத்தத்தை இறக்கிவிடும். கீட்டமினும் சைலசினும் கலந்த மயக்க ஊசியும், தொடக்கத்தில் சற்றே ஏற்றினாலும், நிமிடங்கள் செல்லச்செல்ல இறக்கும். ஆகவே மயக்கம் தொடங்கிய பின் எத்தனையாவது நிமிடத்தில் அளந்தார்கள் என்று சொல்லாத கட்டுரையின் அட்டவணையை நான் புரட்டிவிட்டுப் போய்விடுவேன். மயக்கமின்றி அளப்பதையே நான் விரும்புகிறேன். மூக்கின் பக்கம் துளையுள்ள மென்மையான பிளாஸ்டிக் கூம்புக்குள் சுண்டெலியை நுழைய விட்டு, சில நாள் பழக்கிய பின்னரே கருவியை அருகில் கொண்டுபோகிறோம். பிடரித் தோலை இறுக்கிப் பிடித்தாலோ கழுத்துச் சிரைகள் அழுந்தி, கண்ணழுத்தம் பொய்யாக உயர்ந்துவிடும். திமிறும் விலங்கிலும் அதே கதைதான். இதற்குப் பொறுமையான கைகள் வேண்டும். எங்கள் புதிய உதவியாளருக்கு அவை வாய்த்திருக்கின்றன.

வேளையும் முக்கியம். சுண்டெலி இரவில் நடமாடும் உயிரினம் என்பதால், விளக்கு அணைந்திருக்கும் வேளையில் அதன் கண்ணழுத்தம் சில மி.மீ. பாதரச அளவு ஏறும். பகலில் அளந்த குழுவையும் இரவில் அளந்த குழுவையும் ஒப்பிட்டுவிட்டு மருந்து வேலை செய்ததென்று அறிவித்தால், அது மருந்தின் வெற்றி அன்று, கடிகாரத்தின் வெற்றி.

மரபுவழியாகக் குளுக்கோமா உண்டாகும் டிபிஏ/2ஜே என்னும் சுண்டெலி வகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். டைர்ப்1, ஜிபிஎன்எம்பி என்னும் இரு மரபணுக்களிலுள்ள மாற்றங்களால் அதன் ஐரிஸ் (கண்பாவையைச் சுற்றிய நிற வளையம்) சிதைந்து, நிறமித் துகள்கள் உதிர்ந்து, கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் பாதை அடைபடுகிறது. ஆறாவது மாதத்தை ஒட்டி அழுத்தம் ஏறத் தொடங்கும். 10 முதல் 12 மாதங்களுக்குள் பல விலங்குகளில் பார்வை நரம்பு கெட்டிருக்கும். ஆயினும் ஒரே சுண்டெலியின் இரு கண்களும் ஒரே வேகத்தில் போவதில்லை. அதோடு இந்த வகையில் கருவிழியில் சுண்ணாம்புப் படிவும் உண்டாவதால், அத்தகைய கண்ணில் தட்டித் திரும்பும் கம்பி காட்டுவதை அப்படியே ஏற்கக் கூடாது. முதலில் உருப்பெருக்கியில் கருவிழியைப் பார்த்துவிட வேண்டும்.

மகளிடம் ஒன்று கேட்டுச் சொல்: அவள் பயிலும் மருத்துவமனையில் நோயாளியின் கண்ணழுத்தத்துக்கு அருகே அளந்த மணியையும் எழுதுகிறார்களா? எழுதுகிறார்கள் என்றால், அந்தப் பதிவேட்டுப் படிவத்தின் மாதிரியை எனக்கு அனுப்பச் சொல்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்