வாய்ப்பூட்டு பற்றி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை அமைந்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். என் முழங்கால் பரவாயில்லை, படி ஏறும்போது மட்டும் தன்னை நினைவுபடுத்துகிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். அலுவலகத்தில் அரசியலும் பன்முகத்தன்மை (இனம், பாலினம் என எல்லாப் பின்னணியினருக்கும் இடம்) பற்றிய விவாதமும் இனி கூடாது என்று உங்கள் நிர்வாகம் சுற்றறிக்கை விட்டதாக எழுதியிருக்கிறாய். "வேலை பார்க்கத்தானே போகிறோம், இதில் என்ன தப்பு?" என்றும் கேட்டிருக்கிறாய். பாதி எனக்கும் உடன்பாடுதான். தேர்தல் நேரத்தில் அலுவலக அரட்டைக் குழு எப்படி நாறும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. யார் எந்தக் கட்சி என்று தெரிந்தபின் அவன் அனுப்பும் கோப்பைக்கூடச் சந்தேகத்தோடு திறக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சண்டைக்கு நிறுவனம் இடம் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுகிறார்களே, அங்கேதான் இடிக்கிறது. அமெரிக்காவின் பேஸ்கேம்ப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் 2021 ஏப்ரலில் நடந்ததை எடுத்துக்கொள். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் நிறுவனத்தின் இணையக் கணக்கில் சமூக, அரசியல் விவாதம் கூடாது என்று முதலாளிகள் அறிவித்தார்கள். வெளியே பேசத் தடையில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உள்ளே ஓடிக்கொண்டிருந்த வாக்குவாதம் எந்தக் கட்சியைப் பற்றியதும் அல்ல. வாடிக்கையாளர்களின் பெயர்களில் வேடிக்கையாகத் தோன்றியவற்றை ஊழியர்கள் பல வருடங்களாக ஒரு பட்டியலில் சேர்த்து வந்திருக்கிறார்கள். அதில் ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களும் உண்டு. அதைப் பற்றித்தான் பேச்சு. தன் அலுவலகம் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறது என்று ஊழியர் கேட்பது வேலையைப் பற்றிய பேச்சு இல்லாமல் வேறென்ன? அறிவிப்பு வந்த சில நாட்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஊழியர்கள் நிறுவனம் கொடுத்த விலகல் தொகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நீ உடனே கிரிப்டோ நாணயச் சந்தை நடத்தும் காயின்பேஸ் நிறுவனத்தைக் காட்டுவாய், தெரியும். 2020-இல் அவர்களும் இதே பாதையில் போனார்கள். பிடிக்காதவர்கள் பணத்தோடு விலகலாம் என்றார்கள். போனது சுமார் 60 பேர், மொத்தத்தில் 5 சதவீதம்தான். சிறுபான்மைப் பின்னணி ஊழியர்கள் அளவுக்கு மீறி விலகவில்லை என்றும் நிறுவனத் தலைவர் சொன்னார். என் வாதத்துக்கு இது இடைஞ்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் விலகாதவர்கள் எல்லோரும் சம்மதித்தவர்கள் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். வீட்டுக் கடன் தவணை இருக்கிறவன் கொள்கைக்காக வேலையை விடுவது அவ்வளவு சுலபமா?

பேச்சுரிமை என்று பொத்தாம் பொதுவாகக் கிளம்புகிறவர்கள் மேலும் எனக்குப் பொறுமை இல்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது, தனியார் முதலாளியை அல்ல. தொழிலாளிக்குக் கைகொடுப்பது 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம். சம்பளம், வேலை நிலைமை பற்றி ஊழியர்கள் தங்களுக்குள் பேசுவதை அது காக்கிறது. மேற்பார்வையாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்பது வேறு விஷயம். ஆக, ஒரே வேலைக்கு ஒரு பெண்ணுக்கு மட்டும் ஏன் சம்பளம் குறைவு, பதவி உயர்வுப் பட்டியலில் ஏன் ஒரே மாதிரி முகங்கள் என்று இரண்டு ஊழியர்கள் பேசிக்கொண்டால் அது அரசியலா, சம்பளப் பேச்சா? "அரசியல்" என்று முத்திரை குத்தும் பேனா நிர்வாகத்தின் கையில் இருக்கும்வரை, சங்கடமான கேள்வி எல்லாம் அரசியலாகிவிடும் என்பதே என் பயம்.

உங்கள் சுற்றறிக்கையை இன்னொரு தடவை நிதானமாகப் படித்துப் பார். சம்பளம், ஆளெடுப்பு, புகார் பற்றிய பேச்சுக்கு அதில் விலக்கு இருக்கிறதா? இல்லையென்றால் எழுத்தில் கேள். நீ மூத்தவன், நீ கேட்டால் பதில் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளால் கேட்க முடியாது. அப்புறம், நிர்வாகம் தன் பெயரில் அரசியல் கருத்து வெளியிடுவதையும் இந்தத் தடை நிறுத்துமா என்று சேர்த்தே கேட்டுவிடு.

தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். பதில் எழுது, திட்டியாவது எழுது.

அன்புடன்,
முரளி