பூவை மட்டும் சோதித்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

தோவாளைப் பூச்சந்தைக்கு வரும் பூக்களில் பூச்சிமருந்து எச்சம் பார்ப்பது சரி. அந்தப் பிச்சியையும் அரளியையும் நாள் முழுக்கத் தொட்டுக் கட்டும் பெண்களின் உடம்பில் எவ்வளவு ஏறுகிறது? அதை அறிய, வேலை முடிந்து கை கழுவும் முன், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் விரல் இடுக்கு வரை துடைத்து எடுத்து, அந்தத் துணியைச் சோதிக்க வேண்டும். மறுநாள் விடியலின் முதல் சிறுநீரையும் சோதனைக்காகப் பிடித்து உறையவைக்க வேண்டும். ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிமருந்து வகையின் சிதைவுப்பொருள்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் வெளியேறிவிடும். பரிசோதனை முகாமின் வசதி பார்த்து, வேலையில்லாத நாட்களுக்குப் பிறகு எடுத்தால் 'ஒன்றுமில்லை' என்றுதான் வரும். தண்ணீர் அதிகம் குடித்தாலும் அளவு குறைந்து தெரியும். அதனால் சிறுநீரில் வழக்கமாக வெளியேறும் கழிவான கிரியாட்டினினோடு ஒப்பிட்டே கணக்கிட வேண்டும். இந்த மருந்துகள் முடக்கும் நொதியான கோலினெஸ்டரேஸின் அளவு ரத்தத்தில் ஆளுக்கு ஆள் வேறுபடும். மருந்தடிக்கும் பருவத்துக்கு முன்பே ஒருமுறை எடுத்து வைக்காவிட்டால், பிறகு எதோடு ஒப்பிடுவது?

– வாசகர், ஆரல்வாய்மொழி